மூன்று தலைமுறையாக நீட்டிய கைகள்

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றிய பட்டை இறுகி, அப்புறம் மெல்லத் தளர்ந்து, செவிலியர் இரண்டு எண்களைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஃப்ரேமிங்ஹாம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஊர். 1948-ல் தொடங்கி அங்கே 5,209 பேரைச் சேர்த்து, இதயநோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தக் காலத்தில் வயதானால் ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைக்கப் போனால்தான் ஆபத்து என்று நம்பிய மருத்துவர்கள் நிறைய. 1945-ல் மூளை ரத்தக்கசிவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த அன்று அவருடைய அழுத்தம் 300/190. முதலில் படித்தபோது அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் என்று இதயநோயின் காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட வருடங்கள் ஆயின. 1971-ல் முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும், 2002-ல் பேரப்பிள்ளைகளும் ஆய்வில் சேர்ந்தார்கள். மருந்து கண்டுபிடித்தவர்களைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோதே வந்து கையை நீட்டி உட்கார்ந்தார்களே, அவர்களை நான் அதைவிட மேலாக நினைக்கிறேன். என் அப்பாவுக்கும் ஒரு தொந்தரவும் தெரியவில்லை, பட்டைதான் காட்டிக்கொடுத்தது. இப்போது தினமும் ஒரு மாத்திரை.