மழையில் நனைந்த ஓவியங்கள்

ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் ‘நோயுற்ற குழந்தை’ ஓவியத்தைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான், அதன் பரப்பெங்கும் கீறல்கள் ஓடுவது கண்ணில் பட்டது. பதினைந்து வயதில் காசநோய்க்குப் பலியான அக்காள் சோஃபியின் நினைவாக நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1885-86இல் வரைந்த ஓவியம் இது. வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டுவதும் மறுபடி பூசுவதுமாக அதனுடன் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். அரைகுறை வேலை என்று அன்று பலர் ஏசினார்கள். 1892இல் பெர்லினில் அவரது கண்காட்சி ஒரே வாரத்தில் மூடப்பட்டது. அந்த அமளியே அவரை ஜெர்மனியில் பிரபலமாக்கியது.

மறுநாள், 2021இல் துறைமுகக் கரையில் திறக்கப்பட்ட முங்க் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அங்கே என்னை நகரவிடாமல் நிறுத்தியவை மரச்செதுக்கு அச்சுப் படங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பலகை செதுக்கி, தாளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் மீது பதிப்பதே வழக்கம். முங்க்கோ ஒரே பலகையைச் சிறு ரம்பத்தால் அறுத்து, துண்டுகளுக்குத் தனித்தனியாக மை தடவி, மீண்டும் பொருத்தி, ஒரே அழுத்தில் அச்செடுத்தார். கடலைப் பார்த்து நிற்கும் இருவரைக் காட்டும் 1899ஆம் ஆண்டுப் படத்தில், பெண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வளைகிறது. அது வரைந்த கோடு அல்ல, ரம்பம் போன தடம். அருகருகே நிற்பவர்களின் தனிமையைத் தூரிகையால் இதைவிடக் கச்சிதமாகக் காட்டியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றியது.

1916இல் நகரை ஒட்டிய ஏக்கெலியில் வீடு வாங்கிய முங்க், 1944இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஓவியங்களை மழையிலும் பனியிலும் திறந்தவெளியில் விட்டுவைப்பார். தாங்கினால் தேறும் என்ற இந்த முரட்டு முறைக்குக் ‘குதிரை வைத்தியம்’ என்று பெயர். தன்னிடமிருந்த அனைத்தையும் அவர் ஓஸ்லோ நகரத்துக்கே எழுதிவைத்தார்.

ஓவியங்களை மழையில் நனையவிட்டவரின் புகழ்பெற்ற ‘அலறல்’ இன்று இருட்டறையில் இருக்கிறது. முங்க் அருங்காட்சியகத்தில் உள்ள அதன் மூன்று வடிவங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிட்ட நேரம் காட்டிவிட்டு, வெளிச்சம் படாமல் மூடிவிடுகிறார்கள். எனக்கு முதலில் வாய்த்தது கல்லச்சுப் படம். வண்ண ஓவியத்துக்காகக் காத்திருந்தேன். 2004இல் திருடப்பட்டு இரண்டாண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்ட ஓவியம் அது; திருடர்களிடம் இருந்த காலத்தில் அதன் கீழ் இடது மூலையில் ஈரக்கறை படிந்துவிட்டது. கதவு திறந்ததும் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த மூலையைத் தேடினேன்.