திறந்தபடி கிடந்த ஒரு கிளேமும் என்னுடைய நோ கிளேம் போனஸும்

"உங்கட பேரில ஒரு கிளேம் இன்னும் திறந்தபடி கிடக்கு மிஸ். அத மூடாம லெட்டர் தர ஏலாது."

கல்முனைக் கிளையில் கவுண்டரில் இருந்த தம்பி இதைச் சொன்னபோது நேரம் பிற்பகல் இரண்டேகால். காலையில் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வந்து, ஜும்ஆ முடியும்வரை வாசலில் காத்திருந்து, அதற்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை இது. நான் கேட்டுப் போனது என் நோ கிளேம் போனஸை உறுதிப்படுத்தும் லெட்டர். கிளேம், அதாவது நட்டஈடு, எடுக்காத வருடங்களுக்காகப் பிரிமியத்தில் (காப்புறுதிக் கட்டணத்தில்) தரும் கழிவுதான் அந்தப் போனஸ். நான் கார் வாங்கிய நாளிலிருந்து காப்புறுதிக் கம்பனியிடம் ஒரு சதம் வாங்கியதில்லை. "என்ன கிளேம் தம்பி, நான் ஒண்டும் எடுக்கலயே" என்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 2021 டிசம்பர். ஆரையம்பதி. பின்கதவு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்ல மாரி மழை. ஆரையம்பதிச் சந்தி தாண்டி நின்றிருந்த என் ஆல்ட்டோவை ஒரு ஓட்டோ உரசிக்கொண்டு போனது. எல்லாரும் சொல்வதுபோல உடனே கம்பனிக்கு கோல் எடுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் அசெஸர் வந்தார், படம் எடுத்தார், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அடுத்த நாள் காத்தான்குடியில் ஒரு கராஜில் காட்டினேன். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 8,500 ரூபா என்றார்கள். என் பொலிசியில் எக்ஸெஸ் 10,000. அதாவது முதல் 10,000 ரூபாவை நான்தான் கட்ட வேண்டும், அதற்கு மேல் வந்தால்தான் கம்பனி தரும். பிறகு எதற்குக் கிளேம் என்று கைக்காசு கொடுத்துக் கதவைச் செய்துகொண்டு வந்துவிட்டேன். கராஜ் பில்லைக்கூடக் கம்பனிக்கு அனுப்பவில்லை.

ஆனால் நான் அறிவித்த கையோடு அங்கே ஒரு கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. நான் பில் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவர்களும் மூடவில்லை. மூன்று வருடத்துக்கு மேலாக அது அப்படியே கிடந்திருக்கிறது.

இந்த லெட்டர் எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் முதல் வாரம் ஒரு வேகன் ஆர் வாங்கினோம். பழைய கார்தான், லீசிங்கில், அதாவது தவணைக் கடனில். லீசிங் என்றால் நம் காரின் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டாயம். அதே வாரத்தில் ஆல்ட்டோவின் பொலிசியும் முடிய இருந்தது. புதுக் காருக்கு வேறொரு கம்பனியின் கொட்டேஷன் நன்றாக இருந்தது. கம்பனி மாறினால் நோ கிளேம் போனஸ் பறிபோய்விடும் என்று பயப்படுகிறவர்கள் எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பறிபோகாது. அது கம்பனியின் சொத்தும் இல்லை, காரின் சொத்தும் இல்லை. பொலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. காரை விற்றால் வாங்குகிறவருக்கு அது போகாது, உங்களோடுதான் வரும். ஆனால் பழைய கம்பனி அதைத் தாளில் உறுதிப்படுத்தித் தந்தால்தான் புதுக் கம்பனி முழு மனதாக ஏற்கும். அந்தத் தாளுக்குத்தான் இத்தனை அலைச்சலும்.

என் புதுப்பித்தல் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் புதுக் கம்பனி 50 வீதக் கழிவு போட்டு 30 நாளுக்கு ஒரு கவர்நோட், அதாவது தற்காலிகக் காப்புறுதித் தாள், தந்தது. அதற்குள் லெட்டர் வர வேண்டும். வராவிட்டால் கழிவை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். வேகன் ஆருக்கு அடிப்படைப் பிரிமியம் 110,000 ரூபா. 50 வீதம் போனால் 55,000. வற் வரி 18 வீதம், கலவரம் பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான தொகை எல்லாம் அதற்குப் பிறகு சேர்கிறது. போனஸ் அடிப்படைப் பிரிமியத்தில்தான் கழியும், கலவரம் பயங்கரவாதத்துக்கான தொகையில் கழியாது. கொட்டேஷன் தாளில் வரிவரியாக இதைப் பாருங்கள். இன்னொரு கம்பனி எனக்கு 60 வீதம் தருகிறோம் என்று பெரிதாகச் சொன்னது. அவர்களுடைய அடிப்படைப் பிரிமியம் 140,000. கழித்தால் 56,000, அதாவது 50 வீதம் தந்தவர்களைவிட 1,000 ரூபா கூட. கடைசித் தொகையை மட்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு தாளிலும் எக்ஸெஸ் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

முதலில் மட்டக்களப்புக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை தலை நிமிராமலே சொன்னார், பொலிசி கல்முனையில் திறந்தது, லெட்டர் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று. 2014-ல் நான் கல்முனையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், அதனால் அங்கே திறந்தது. இடமாற்றம் கிடைத்து இங்கே வந்து எத்தனையோ வருடம். ஒவ்வொரு வருடமும் காசு கட்டியது இதே மட்டக்களப்புக் கிளையில். காசு வாங்க முடிந்த கிளைக்கு ஒரு கடிதம் தர முடியாதா என்று கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் மிஸ்" என்று பதில். லீவு எழுதிக் கொடுத்து வெள்ளிக்கிழமை கல்முனைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை போனது என் பிழை, அந்தப் பக்கம் படிப்பித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் போய் நின்றால் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

கிளேம் திறந்து கிடக்கிறது என்று அந்தத் தம்பி சொன்னபோது என்னிடம் அந்த விபத்தின் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. வேண்டாம் என்று எழுதித் தருகிறேன், இப்போதே மூடுங்கள் என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய மனேஜர் லீவு, அதோடு கிளேம் மூடுவது கொழும்புத் தலைமை அலுவலகத்தின் வேலை, கிளையில் செய்ய ஏலாது என்றார். அப்படியென்றால் நான் கல்முனைக்கு ஏன் வந்தேன்? அந்தப் பிள்ளை மட்டக்களப்பில் ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் இந்த ஒரு நாள் மிஞ்சியிருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் களுவாஞ்சிகுடி வரும்வரை எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. காசைவிட, கைகாட்டி அனுப்பும் அந்த அலட்சியம்தான் வலித்தது.

அந்தத் தம்பி ஒரு நல்ல காரியம் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். கிளேம் நம்பரை ஒரு சின்னத் தாளில் எழுதித் தந்தார். "இத போட்டு நேரா கிளேம் பகுதிக்கு ஈமெயில் அடிங்க மிஸ், கிளையால அலைய வேணாம்" என்றார். அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து பழைய கோப்பை எடுத்தேன். நான்கு வருடத்துப் புதுப்பித்தல் நோட்டீஸ்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். 2021-ல் 50 வீதம். 2022-ல் 50. 2023-ல் 50. 2024-லும் 50. ஒரு வருடம்கூட ஏறவில்லை. அந்தக் கம்பனியில் 50-தான் உச்சம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன், யாரும் அப்படிச் சொன்னதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு கார் விலை எல்லாம் எகிறியது. காரின் பெறுமதியைக் கூட்டிக் கூட்டிப் போட்டதால் பிரிமியமும் வருடா வருடம் ஏறியது. ஏறுவதற்குக் காரணம் கார் விலை என்று எண்ணிக் கட்டிக்கொண்டே இருந்தேன். திறந்து கிடந்த அந்தக் கிளேமால் கழிவு அசையாமல் நிற்பதை நான் கவனிக்கவே இல்லை.

அன்று இரவே ஈமெயில் எழுதினேன். இதில் எதை எழுதினேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். பொலிசி நம்பர், வாகன நம்பர், கிளேம் நம்பர், விபத்து நடந்த திகதி. இந்தக் கிளேமில் நான் எந்தப் பணமும் பெறவில்லை, இனியும் கோரமாட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்று கையால் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தின் ஸ்கான். அடையாள அட்டையின் கொப்பி. நான்கு நோட்டீஸ்களின் படம். கிளேமைப் பணம் வழங்கப்படாதது என்று மூட வேண்டும், மூடியதை எழுத்தில் தர வேண்டும், 2021-க்குப் பிறகு சேர வேண்டிய வருடங்களையும் சேர்த்து உறுதிக் கடிதம் தர வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று ஒரு திகதியும் போட்டேன். எல்லாம் பிழைத்தால் போவதற்குக் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. ஆனால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். போனில் எத்தனை தரம் கதைத்தாலும் அதற்கு அத்தாட்சி இல்லை.

நான்காவது வேலைநாள் பதில் வந்தது. கிளேம் மூடப்பட்டது. ஐந்தாவது நாள் லெட்டரும் ஈமெயிலில் வந்தது. 60 வீதம்! 11 வருடம் கிளேம் இல்லை என்று அச்சில். அடுக்களையில் நின்று என் கணவருக்குப் போன் எடுத்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

ஆனால் லெட்டரில் என் இனிஷியல் ஒன்று குறைந்திருந்தது. அடையாள அட்டையில் இரண்டு எழுத்து, லெட்டரில் ஒன்று. புதுக் கம்பனி ஏற்காது என்று எனக்கு உடனே பட்டது, அதனால் அதே ஈமெயிலின் கீழே பதில் எழுதித் திருத்திக் கேட்டேன். அடுத்த நாள் வந்தது. லெட்டர் கைக்கு வந்தவுடன் பெயர், வாகன நம்பர், பொலிசி தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வீதம், கையொப்பம் எல்லாவற்றையும் ஒரு தரம் வாசியுங்கள்.

இதற்கிடையில் இன்னொரு பிழை நடக்க இருந்தது. புதுக் கம்பனியின் ஏஜென்ட் தம்பி, நல்ல பிள்ளைதான், ஆல்ட்டோவையும் தன்னிடமே போடும்படி சொல்லி அதற்கும் 50 வீதம் எழுதிக்கொண்டு வந்தார். "ரெண்டுக்கும் போடலாம் டீச்சர், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றார். நான் கிளை மனேஜரிடம் நேரே கேட்டேன். ஒரு போனஸ் ஒரு நேரத்தில் ஒரு வாகனத்துக்குத்தான், இரண்டாவது கார் தன் பாட்டில் முதல் வருடத்திலிருந்து சேர்க்க வேண்டும் என்றார். காப்புறுதி என்பது நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய உண்மையை நம்பித் தருவது. பொய் எழுதி இரண்டு காருக்கும் கழிவு எடுத்தால் விபத்து நடக்கும் வரைக்கும் உண்மையிலேயே ஒருவரும் பார்க்க மாட்டார்கள். விபத்து நடந்த பிறகுதான் பார்ப்பார்கள். அந்த நேரம் கிளேமைத் தட்டிக்கழிக்க அது ஒன்றே போதும், ஏஜென்ட் வந்து காசு தரப்போவதில்லை. தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எந்தக் காருக்கு வைப்பது என்பதில்தான் இலாபம் இருக்கிறது. ஆல்ட்டோவுக்கு அடிப்படைப் பிரிமியம் 45,000. அதில் 60 வீதம் 27,000 ரூபா. வேகன் ஆரின் 110,000-ல் 60 வீதம் 66,000. ஒரே போனஸ், 39,000 ரூபா வித்தியாசம். அதனால் ஆல்ட்டோவின் பழைய பொலிசி முடிந்ததும் அதற்கு மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் தரும் தேர்ட் பார்ட்டி காப்புறுதி எடுத்தோம். என் தம்பிதான் அதைப் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிறான், அவனுக்கு அது போதும். தேர்ட் பார்ட்டியில் நம் காரின் சேதத்துக்கு ஒன்றும் கிடையாது என்பதை அவனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

லீசிங்கை முதலில் என் கணவர் பெயரில் போடத்தான் இருந்தோம். அப்படிப் போட்டிருந்தால் பொலிசியும் அவர் பெயரில் வந்திருக்கும், போனஸ் என் பெயரில் நின்றிருக்கும், இரண்டும் சேர்ந்திருக்காது. கார் வாங்கும் முன்பே போனஸ் யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் கதைத்துக்கொள்ளுங்கள்.

கவர்நோட் முடிய எட்டு நாள் இருக்கும்போது லெட்டரைக் கொடுத்தேன். 50 வீதத்தை 60 ஆக்கினார்கள். வரியோடு சேர்த்து 12,980 ரூபா குறைந்தது. லெட்டர், கிளேம் மூடிய ஈமெயில், திரும்பப் பெற்ற கடிதம் மூன்றையும் ஒன்றாகக் குத்திக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கல்முனைத் தம்பி எழுதித் தந்த சின்னத் தாளும் அதற்குள்தான் இருக்கிறது.

அக்கரைப்பற்றில் இருக்கும் என் தங்கச்சியிடம் இதை எல்லாம் சொல்லி, அவளுடைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வருடம் முன்னால் அவளும் ஒரு பம்பர் உரசலுக்கு அசெஸரைக் கூப்பிட்டிருக்கிறாள், பிறகு கிளேம் எடுக்கவில்லை. அவளுடைய தாளில் போன வருடமும் 40 வீதம், இந்த வருடமும் 40. திங்கட்கிழமை காலையிலேயே கிளேம் நம்பரைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.