அப்பாவின் திராட்சை

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையின் அட்டையில் இருந்த அட்டோர்வாஸ்டாட்டின் என்ற பெயரைத் தமிழிலேயே தட்டி, என்னென்ன சாப்பிடக் கூடாது என்று தேடினேன். திராட்சை கூடவே கூடாது என்று வந்தது. ஒன்றல்ல, ஏழெட்டுப் பக்கங்களில். இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எங்களுக்குத் தேனிப் பக்கம். கம்பம் பன்னீர் திராட்சை வீட்டில் இல்லாத நாள் குறைவு. அப்பா மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்.

நான்கு மாதம் கழித்து அம்மா, "காலங்காலமா சாப்பிட்ட பழந்தானேடா, டாக்டர் ஒண்ணும் சொல்லலையே" என்றார். அன்றிரவு அதே பக்கங்களைத் திறந்து, இந்த முறை அடிவரை படித்தேன். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை, தேதியும் இல்லை. மூன்றில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு. ஏழெட்டுச் சாட்சி என்று நான் நினைத்தது ஒரே ஆளின் பேச்சு. ஒன்றின் அடியில் கொழுப்பைக் கரைக்கும் பொடி விற்பனைக்கு இருந்தது.

பிறகு மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் தேடி, விற்க எதுவும் இல்லாத இடங்களுக்குப் போனேன்: பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ். என்எச்எஸ் பக்கத்தின் அடியில், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் இருந்த சொல் கிரேப்ஃப்ரூட். அது சாத்துக்குடி, ஆரஞ்சு இனத்துப் பழம். யாரோ பெயரில் உள்ள 'கிரேப்'பை மட்டும் பார்த்துத் திராட்சை ஆக்கிவிட, மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கலந்த கிரேப்ஃப்ரூட் சாறுதான் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றியது என்று தற்செயலாகத் தெரிந்ததாம். அந்த முடிவு 1989-இல் வெளியானது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்து உடம்பில் கூடினால் தசை வலி, தசைச் சிதைவு வரை போகலாம். அதே வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'கொழுப்பு மாத்திரை' என்று பொதுவாகத் தேடியிருந்தால் இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட்டே இருக்காது.

படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நொதியை முடக்கும் அதே பொருள் பம்பளிமாஸிலும் உண்டு. திராட்சைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு மரத்துப் பம்பளிமாஸைத்தான் நான் அப்பாவுக்குச் சுளை சுளையாக உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கிவிட்டது.

அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க மனம் வரவில்லை. மருந்தின் பெயர், பழம், எத்தனை நாள், எவ்வளவு என்று தாளில் எழுதி மறுநாளே கொண்டுபோனேன். "தொடை, கெண்டைக்கால்ல வலி இருக்கா ஐயா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் அப்பா. "உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்ல, திராட்சை சாப்பிடுங்க. பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம்."

திரும்பும் வழியில் சின்னமனூரில் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு கிலோ வாங்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அங்கேயே ஒரு கொத்தைக் கழுவினார்.