அரசியின் நாற்காலி

விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அக்கா மகளுக்கு ஏழு வயது. அவளோடு விளையாட அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இல்லை. நானும் அவள் சித்தப்பாவும் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பதால், இருந்தும் இல்லாதவர்கள். சில நாள்கள் கதவோரம் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் தேவதைகள் குடியிருப்பதாகவும், தன்னையும் அவர்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டதாகவும் ஒரு காலையில் அறிவித்தாள்.

அன்றே சட்டதிட்டங்கள் வந்தன. இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் மூன்று முறை தட்டிச் சொல்ல வேண்டும். கூடத்துச் சாய்வு நாற்காலி தேவதை அரசிக்கு உரியது. சித்தப்பாவின் குறட்டை குறித்து அரசிக்கு வருத்தம் உண்டு. தேவதைகள் தரும் உணவை உண்டவர் வீடு திரும்ப முடியாது என்பது ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளின் பழைய விதி. எங்கள் வீட்டிலோ தேவதைகள் எங்கள் பிஸ்கட்டுகளைத் தின்றுவிட்டு, அதே விதியைக் காட்டி வெளியேற மறுத்தார்கள். பிஸ்கட் துகள்கள் குழந்தையின் சட்டையில் ஒட்டியிருந்ததைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இதை அறிவால் வெல்ல வேண்டும் என்று முடிவு செய்த என் கணவர், காட்டிங்லி என்ற ஆங்கிலேயக் கிராமத்தின் கதையை எடுத்துவிட்டார். 1917-இல், தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒன்பது வயது பிரான்சிஸ், கொல்லைப்புறத்து ஓடையில் அடிக்கடி நனைந்து திட்டு வாங்கினாள். ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு, தேவதைகளைப் பார்க்க என்றாள். பெரியவர்கள் சிரித்ததும், அந்த வீட்டின் பதினாறு வயது மகள் எல்சி தன் தந்தையின் கேமராவை வாங்கிப்போய்ப் படத்தோடு திரும்பினாள். காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்திவைத்த தேவதைகளை ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். 1983-இல், முதுமையில்தான் இருவரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

"ஆகவே தேவதைகள் வெறும் காகிதம்" என்று அவர் முடிப்பதற்குள், எல்லாப் படங்களுமே காகிதம்தானா என்று குழந்தை கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், மொத்தம் ஐந்து படங்கள் என்றும், ஐந்தாவது மட்டும் உண்மையானது என்று பிரான்சிஸ் கடைசிவரை சாதித்ததாகவும் சொல்லித் தொலைத்தார். வழக்கு அந்த நொடியே அவள் பக்கம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் தொழில்நுட்பக் கேள்விகள்: ஊசி எவ்வளவு நீளம், சித்தியின் கைப்பேசியில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க முடியுமா, படத்தை நம்பிப் பத்திரிகைக்கு எழுதும் வேலையைச் சித்தப்பா செய்வாரா?

அன்று மாலையே அவள் காலணிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஓடை இல்லாத வீட்டில் அவளுக்குத் தோட்டத்துக் குழாய் போதுமாக இருந்தது. காரணம் கேட்கும் அதிகாரத்தை நாங்களே கதை சொல்லி இழந்துவிட்டோம்.

மறுநாள் காணொளிக் கூட்டத்தின் நடுவே என் கணவர் அந்தச் சாய்வு நாற்காலியில் சாயப்போனவர் சட்டென்று நிமிர்ந்து, "மன்னிக்கவும், இங்கே ஆள் இருக்கிறது" என்று ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருடைய மேலாளர் விசாரித்தபோது, திரைக்குக் கீழிருந்து குழந்தையின் குரல்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னது: அரசி வந்திருக்கிறார், கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்.