மாமனாரின் பட்டன் போனுக்கு வந்த புதிய பதிப்பு

கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனார், கம்பளிக் கையுறையைக் கழற்றாமலேயே அழுத்த முடிகிறது என்பதற்காக இன்றும் பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறார். அதிலிருந்த ஓபரா மினி என்ற இணைய உலாவியின் ஆதிகாலப் பதிப்பில் பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை என்பதால், புதிய பதிப்பை ஏற்றித் தரும் பொறுப்பு வீட்டு மாப்பிள்ளையான என் தலையில் விழுந்தது.

2006இல் உலகெங்கும் வெளியான அந்த உலாவி, இணையப் பக்கத்தை முதலில் தன் நிறுவனத்தின் சர்வரில் திறந்து, சில சமயம் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருக்கி, அதன்பிறகே போனுக்கு அனுப்புகிறது என்று விளக்கினேன். "நாலு கிலோ பச்சை இலை ஃபேக்டரிக்குப் போய் ஒரு கிலோ தூளாகிற கணக்குதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கோப்பு இறங்கியதும், அது அசல்தான் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று போன் முரண்டு பிடித்தது. "யார் தர வேண்டுமாம், தாசில்தாரா?" என்றார் மாமனார். குளிரில் வீணாகிவிடும் என்று அவர் இரவுதோறும் பேட்டரியைக் கழற்றி அடுப்பு மேடையருகே வைத்துவிடுவதால், போனின் தேதி 2010 ஜனவரி 1ஆம் தேதிக்குத் திரும்பியிருந்தது. அதற்குப் பின்னர் வழங்கப்பட்ட சான்றிதழை அந்தப் போன் எப்படி நம்பும்? தேதியைத் திருத்தியதும் வழிக்கு வந்தது.

ஆனால் மாமனார் வழிக்கு வரவில்லை. நான் தேநீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், பழைய பதிப்பின் தரவுகளை வைத்துக்கொள்ளவா என்று போன் கேட்டிருக்கிறது. அவரும் யோசிக்காமல் 'இல்லை' என்பதை அழுத்தியிருக்கிறார். "முன்பின் தெரியாதவன் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை" என்று எனக்கு அறிவுரை வேறு. சேமித்து வைத்திருந்த பக்கங்கள் அனைத்தும் அத்துடன் போயின. இணையத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோதும் அதே பதில் வந்ததால், அடுத்த முறை போனை என் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஒருவழியாக, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்திருந்த பச்சைத் தேயிலை விலை திரையில் வந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், முகம் சுருங்கியது. அவர் இத்தனை நாளும் பார்த்துவந்தது, எப்போதோ நல்ல விலை வந்தபோது சேமித்த பக்கம் என்பதை எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

"பழையதில் விலை கூடுதலாக இருந்தது, மாப்பிள்ளை. அதையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்."