மூன்று வரிக் கணக்கு

5 கிலோ சீனியின் விலை = 1,200 ரூபா
1 கிலோ சீனியின் விலை = 1,200 ÷ 5 = 240 ரூபா
8 கிலோ சீனியின் விலை = 240 × 8 = 1,920 ரூபா

இலங்கையில் நம் கல்லூரியில் எந்த ஆண்டில் படித்தவராக இருந்தாலும், இப்படி மூன்று வரிகளைக் கரும்பலகையிலிருந்து கொப்பியில் எழுதாமல் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. ஓரலகு முறை என்று அதற்குப் பெயர். மனக்கணக்காகவே விடை சொல்லத் தெரிந்த பிள்ளையும் நடு வரியை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் செய்கைக்குரிய புள்ளி போய்விடும். இன்று கனடாவில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் சாமான் வாங்கப் போகும் நமக்கு வேண்டியது அந்த நடு வரிதான். மூன்றாவது வரியைக் காசு வாங்குமிடத்து இயந்திரம் செய்துவிடுகிறது.

எதைக் காண வேண்டுமோ அது வலப்பக்கம் வரவேண்டும் என்பது கணக்கு சேர் திரும்பத் திரும்பச் சொன்ன விதி. விலையைக் காண்பதென்றால் ‘இத்தனை கிலோவின் விலை = இத்தனை ரூபா’. 600 ரூபாவுக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் வரி திரும்பிவிடும்: ‘1,200 ரூபாவுக்கு வாங்கும் சீனி = 5 கிலோ’. கடையிலும் இது முக்கியம். ஒரு பைக்கற்றுக்கு ‘100 கிராம் எத்தனை சதம்’ என்றும், மற்றதற்கு ‘1 டொலருக்கு எத்தனை கிராம்’ என்றும் கணித்தால் முதலாவதில் சிறிய எண் மலிவு, இரண்டாவதில் பெரிய எண் மலிவு. கைபேசியில் அவசரமாகத் தட்டும்போது எதை எதால் வகுத்தோம் என்பதே மறந்துபோகும். எப்போதும் விலையை முதலில் தட்டி அதை நிறையால் வகுப்பது என்று பழக்கிக்கொண்டால் சிறிய எண்ணே மலிவு. வேறு யோசனை வேண்டாம்.

அடுத்தது அலகு. ஊரில் நல்லெண்ணெய் போத்தல் கணக்கு. ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். லீற்றருக்கும் அதற்கும் 4 : 3. போத்தல் விலையை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் லீற்றர் விலை. கனடாவில் அந்த இடத்தில் இறாத்தல் வந்து நிற்கிறது. மெற்றிக் முறைக்கு மாறி எத்தனையோ காலமாகியும் விளம்பரத் தாளில் இறைச்சிக்கும் மரக்கறிக்கும் இறாத்தல் விலை பெரிய எழுத்தில், கிலோ விலை அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு இறாத்தல் 453.6 கிராம், ஒரு கிலோ 2.2046 இறாத்தல். மனக்கணக்குக்கு இரட்டித்து, வந்ததன் பத்திலொன்றைக் கூட்டினால் போதும். இறாத்தல் 1.99 டொலர் என்றால் இரட்டித்தால் 3.98, அதன் பத்திலொன்று 40 சதம், கிலோ 4.38 டொலர். சரியான விடை 4.39. ஒரு சதப் பிழை யாரையும் பாதிக்காது.

இந்த மாற்றம் அரிசி மூட்டையில்தான் அதிகம் பயன்படும். 20 இறாத்தல் மூட்டையும் 10 கிலோ மூட்டையும் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும். பார்வைக்கு ஒரே பருமன். ஆனால் 20 இறாத்தல் என்பது 9.07 கிலோதான். முதலாவது 17.99, இரண்டாவது 18.99 என்று வைத்துக்கொள்வோம். 17.99 ÷ 9.07 = 1.98 டொலர். 18.99 ÷ 10 = 1.90 டொலர். ஒரு டொலர் கூடியதாகத் தெரிகிற மூட்டைதான் கிலோவுக்கு 8 சதம் மலிவு. இறாலையும் பாற்கட்டியையும் சில கடைகள் 100 கிராம் விலையில் போடுகின்றன. 100 கிராம் 2.49 என்று ஒரு கடை, இறாத்தல் 9.99 என்று இன்னொரு கடை. முதலாவது கிலோ 24.90, இரண்டாவது 22.02. சிறிய அலகு விலையைச் சிறிதாகக் காட்டும், அவ்வளவே.

கடைத் தட்டுகளில் ஒட்டியிருக்கும் விலைத் துண்டின் மூலையில் 100 கிராமின் விலை சிறிதாக அச்சிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கியூபெக் மாகாணத்தில் அதைப் போடவேண்டும் என்று சட்டம் உண்டு. ஒன்ராறியோவில் அது கடைக்காரரின் விருப்பம். விருப்பமாக இருப்பதால் ஒரு துண்டில் 100 கிராம் விலையும் பக்கத்துத் துண்டில் கிலோ விலையும் மூன்றாவதில் ‘ஒன்று இத்தனை’ என்றும் இருக்கக்கூடும். மலிவு விற்பனைக்கான மஞ்சள் துண்டை மேலே ஒட்டும்போது ஓரலகு விலை அடியில் மறைந்துபோவதும், பழைய விலைக்குரிய எண் அப்படியே நிற்பதும் உண்டு. நடு வரியை நாமே போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயம்.

விகிதத்துக்கு இந்த நாட்டில் முட்டையைவிட அழகான உதாரணம் கிடைக்காது. இங்கே முட்டையின் அளவை நிறையால் பிரிக்கிறார்கள். மீடியம் ஆகக் குறைந்தது 49 கிராம், லார்ஜ் 56, எக்ஸ்ட்ரா லார்ஜ் 63, ஜம்போ 70. எல்லாவற்றையும் 7 ஆல் வகுத்தால் 7 : 8 : 9 : 10! சேர் கரும்பலகையில் எழுதும் விகிதக் கணக்கு போலவே சுருங்கி நிற்கிறது. லார்ஜ் டசின் 4 டொலர் என்றால் ஒரு பங்கு 50 சதம். ஆகவே மீடியம் 3.50, எக்ஸ்ட்ரா லார்ஜ் 4.50, ஜம்போ 5 டொலர். இந்த எல்லைக்குக் கீழே எது கிடைக்கிறதோ அது மலிவு. எக்ஸ்ட்ரா லார்ஜ் 4.29 என்றால் எடுக்கலாம், 4.79 என்றால் லார்ஜோடு நிற்பது நல்லது. முட்டைப் பொரியலுக்கும் முட்டை மாவுக்கும் நிறைக் கணக்குச் சரி. ஆனால் ஆளுக்கொரு அவித்த முட்டை என்று முட்டைக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு அலகு கிராம் அல்ல, எண்ணிக்கை. அங்கே மீடியம் டசினே மலிவாக இருக்கும். எதை ஒரு அலகு என்று எடுக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யாமல் வகுத்தல் தொடங்கக் கூடாது.

மீனிலும் இதுவே கேள்வி. சுன்னாகம் சந்தையில் கூறு வைத்து விற்கும் மீனைக் கண்ணால் அளந்து வாங்கியவர்களுக்கு, தராசில் போட்டு விலை வரும்போது நிம்மதியாக இருக்கும். ஆனால் தராசு நிறுப்பது முழு மீனை. வெட்டித் துப்புரவாக்குவது அதற்குப் பிறகு. 4 இறாத்தல் முழு மீன், இறாத்தல் 5.99, கொடுப்பது 23.96 டொலர். வீட்டுக்கு வந்து செதிலும் குடலும் தலையும் போக நிறுத்துப் பார்த்தால் 2.6 இறாத்தல் என்றால், 23.96 ÷ 2.6 = 9.22. பக்கத்தில் துண்டாக வெட்டி வைத்த அதே மீன் 8.99 ஆக இருந்திருந்தால் முழு மீன்தான் விலை கூட. இனித் தலை அரை இறாத்தல், அதையும் குழம்பில் போடுகிறீர்கள் என்றால் சாப்பிடும் பகுதி 3.1 இறாத்தல், விலை 7.73 ஆக இறங்கிவிடும். ஆகவே இந்தக் கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே விடை கிடையாது. விரும்பி வாங்கும் இரண்டு மூன்று மீன்களை ஒரு தடவை வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் நிறுத்துக் குறித்துக்கொண்டால், பிறகு கடையில் நின்றபடியே கணித்துவிடலாம்.

தேங்காய்ப்பால் ரின்னும் அப்படியே. 400 மில்லிலீற்றர் என்று பலவற்றில் இருக்கும். சிலவற்றில் தேங்காய்ச் சாறு எத்தனை சதவீதம் என்பதும் சேர்மானப் பட்டியலில் இருக்கும். 1.79 டொலர் ரின்னில் 80 சதவீதம், 1.29 டொலர் ரின்னில் 50 சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் சாறு 320 மில்லிலீற்றரும் 200 மில்லிலீற்றரும். சாறு 100 மில்லிலீற்றருக்கு முறையே 56 சதம், 64½ சதம். மலிவு ரின் தண்ணீருக்கும் காசு வாங்குகிறது.

வரியை மறந்துவிட்டு ஒப்பிடுவதும் ஒரு வழக்கமான பிழை. ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 சதவீதம். அரிசி, பருப்பு, மரக்கறி போன்ற அடிப்படை உணவுக்கு அது இல்லை. உப்புப் போட்ட கச்சான், முந்திரிப் பருப்புக்கு உண்டு. மஃபின், டோனட் போன்ற இனிப்புப் பண்டங்களில் ஒரு வேடிக்கையான எல்லை இருக்கிறது: ஒற்றை ஒற்றையாக ஆறுக்குக் குறைவாக வாங்கினால் வரி, ஆறோ அதற்கு மேலோ வாங்கினால் வரி இல்லை. 5 மஃபின் 5 டொலர் என்றால் வரியோடு 5.65, ஒன்று 1.13. ஆறு 5.99 என்றால் ஒன்று ஒரு டொலருக்குச் சற்றுக் குறைவு.

பைக்கற்றின் விலை மாறாமல் நிறை குறைந்து வரும்போது நேர் விகிதசமனை விட்டு நேர்மாறு விகிதசமனுக்குப் போக வேண்டும். 450 கிராம் 400 ஆகிறது. குறைந்தது ஒன்பதில் ஒரு பங்கு. கிராமுக்கு விலை ஏறியது ஒன்பதில் ஒன்று அல்ல, எட்டில் ஒன்று, 12½ சதவீதம். 450 : 400 என்பது 9 : 8. நிறை 9 இலிருந்து 8 ஆகும்போது ஓரலகு விலை 8 இலிருந்து 9 ஆகிறது. மறுபக்கம், 20 சதவீதம் கூடுதல் இலவசம் என்று போட்டிருந்தால் விலை 20 சதவீதம் குறையவில்லை. 6 : 5 ஆனதால் ஆறில் ஒன்று, ஏறக்குறைய 16.7 சதவீதம் குறைந்திருக்கிறது. பரீட்சையில் அதிகம் பேர் புள்ளி இழந்த இடம் இது.

ஓரலகு முறை செல்லாத இடங்களும் இருக்கின்றன. அது செல்ல வேண்டுமென்றால், அளவை இரட்டித்தால் விலையும் சரியாக இரட்டிக்க வேண்டும். வரைபுத்தாளில் உற்பத்திப் புள்ளியினூடாக, அதாவது (0, 0) இனூடாக, செல்லும் நேர்கோடு வரவேண்டும். நிலையான கட்டணம் ஒன்று முன்னால் நின்றால் கோடு மேலே தொடங்கும், விகிதம் கெட்டுவிடும். தூரத்துக் கடைக்கு மலிவு அரிசிக்காகக் காரில் போவது அப்படியானது. போக வர 24 கிலோமீற்றர், 100 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் குடிக்கும் கார், பெற்றோல் லீற்றர் 1.50 என்றால் 3.24 டொலர். ஒரு மூட்டையில் மிச்சம் 3 டொலர் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். நான்கு மூட்டை என்றால் போகலாம்.

ஊருக்குக் காசு அனுப்புவதில் இதுதான் பெரிதாக வரும். கணக்குக்காக எண்களை இப்படி எடுப்போம். முதலாவது இடம் 1 டொலருக்கு 220 ரூபா தருகிறது, 4 டொலர் கட்டணம். இரண்டாவது இடம் 217 ரூபா, கட்டணம் இல்லை. 200 டொலர் மாற்றும்போது முதலாவது இடத்தில் கையிலிருந்து போவது 204. அங்கே போய்ச் சேருவது 44,000 ரூபா. 44,000 ÷ 204 = 215.69. இரண்டாவது இடமே நல்லது. 1,000 டொலருக்கு 2,20,000 ÷ 1,004 = 219.12, இப்போது முதலாவது நல்லது. தொகை ஐந்து மடங்கானபோது கட்டணம் ஐந்து மடங்காகாததால் விடை மாறிவிட்டது. இரண்டும் சமமாகும் இடம்: மொத்தச் செலவை எஸ் என்று வைத்தால் 220 × (எஸ் − 4) = 217 × எஸ். 3 எஸ் = 880; எஸ் = 293.33 டொலர். அதற்குக் குறைந்த தொகைக்குக் கட்டணமில்லாத இடம், கூடிய தொகைக்குக் கட்டணம் வாங்கும் இடம். பெறுகிற வங்கியும் ஏதாவது கழித்தால், அறிவித்த ரூபாவை எடுக்காமல் அம்மாவின் கணக்கில் உண்மையாக விழுந்த ரூபாவையே மேலே போட்டு வகுக்க வேண்டும்.