ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: எடையைக் குறைப்பதற்கு முன் சில வேலைகள்

நடுவில் மடங்கித் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இல்லை, முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைப் பூட்டும் போல்ட்டும் இல்லை. அதனால் அதே நீளக் குழல் உள்ள போல்ட் ரைஃபிளைவிட மொத்த நீளம் கிட்டத்தட்ட 10 செ.மீ. குறைகிறது. மலையேறி வேட்டைக்குப் போகிறவர்கள் பிளேசர் கே95, மெர்கல் கே1 போன்றவற்றை விரும்புவதற்கு இதுவே காரணம். 1967-இல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டரும், எளியவர்களின் துப்பாக்கியான ஹேண்டி ரைஃபிளும் இதே குடும்பம்தான்.

இதை வாங்கியதும் பலரும் முதலில் எடையைக் குறைக்கத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்கெனவே எடை போதாது. இரண்டாவது குண்டு உடனே வராது என்பதால், குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழ வேண்டும். செய்கிற மாற்றம் ஒவ்வொன்றையும் அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் உதையின் கணக்கிலிருந்து தொடங்கலாம். குண்டும் மருந்தும் மாறாதவரை, உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் ஏறும். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 9.7 கிராம் குண்டு, ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கியுடன்) 3.6 கிலோ துப்பாக்கி என்றால் உதை சுமார் 19 ஜூல். அதையே 2.7 கிலோவாக்கினால் சுமார் 25 ஜூல். தோளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அடி. அடிக்குப் பயந்து விசையைச் சுண்டும் பழக்கம் வந்துவிட்டால் எந்த ஸ்கோப்பும் காப்பாற்றாது. அதே 2.7 கிலோவில் .243 வின்செஸ்டர் தோட்டா 16 ஜூல் அளவில் நின்றுவிடும். இலகு துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

தோளில் வைக்கும் பின்கட்டையைக் குடைந்து 100 கிராம் எடுப்பதும் வீண். எடை குறைவதோடு முனை கனத்துப் போகும். குழல் மடங்கும் கீல் ஆணிக்கு அருகில் விரலில் நிறுத்தினால் துப்பாக்கி சமநிலையில் நிற்க வேண்டும். கட்டையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் நீளத்தில் குறையுங்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 33 முதல் 35 செ.மீ. பெரும்பாலோருக்குச் சரி. தடித்த குளிர்ச்சட்டை போடுகிறவர் இன்னும் 1 செ.மீ. குறைக்கலாம். அறுக்கும்போது 2.5 செ.மீ. ரப்பர் பட்டையின் தடிமனையும் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் நிறைய. அறுத்த கட்டை திரும்ப வளராது.

குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டைதான் இந்தத் துப்பாக்கிகளின் பெரும் தலைவலி. போல்ட் ரைஃபிளில் அது ஆக்‌ஷனோடு (தோட்டாவைப் பூட்டிச் சுடும் பகுதியோடு) ஒரே கட்டை. இங்கே குழலின் அடியில் ஒரே ஒரு திருகில் தொங்குகிறது. திருகை இறுக்கும் அளவு, கட்டை ஈரத்தில் உப்புவது, எதன் மேல் எங்கே சாய்த்துச் சுடுகிறோம் என்பது எல்லாமே குழலைத் தள்ளும். குண்டு விழும் இடம் மேலும் கீழுமாக அலைந்தால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். குழலில் துருத்தும் திருகுக் குமிழைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டி, கட்டை அந்த ஒரு இடத்தில் மட்டும் தொடும்படி வைப்பது ஹேண்டி ரைஃபிள்காரர்களின் பழைய வைத்தியம். கட்டையின் முன்நுனி குழலில் உரசுகிறதா என்று ஒரு தாளை இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மரத்துக்கு வார்னிஷ் பூசுங்கள். சுடும்போது சாய்ப்பது கீலுக்கு அருகில், எப்போதும் ஒரே இடத்தில்.

தோள்வாரின் முன்வளையத்தை முன்கட்டையில் பொருத்தி, வாரைக் கையில் சுற்றி இறுக்கிச் சுட்டாலும் இதே கோளாறு வரும். ஜீரோ பார்க்கும்போது (ஸ்கோப்பின் குறியைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்தும்போது) வாரைத் தளர்த்திவிட்டு, வேட்டையில் இறுக்கிப் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. இரண்டிலும் ஒரே பிடி இருக்கட்டும்.

ஸ்கோப்புக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான மாடல்களில் ஸ்கோப்பைத் தாங்கும் ரெயில் குழலின் மேலேயே உட்காருவதால், துப்பாக்கியைப் பிரித்துப் பையில் வைத்தாலும் ஜீரோ பெரிதாக மாறாது. 2–7 மடங்கு பெருக்கம் தாராளம். பெரிய முன்கண்ணாடி வேண்டாம். அது ஸ்கோப்பை உயர்த்தி, கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இலகு துப்பாக்கி புருவத்தைக் கிழிக்கும்.

ரெயில் திருகுகளையும் துளைகளையும் அசிட்டோனால் துடைத்து, நீலநிறத் திருகுப் பசையில் ஒரு சொட்டு வைத்து, சுமார் 2 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும்; தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பசை வேண்டாம், அது வழுக்கி இறுக்கத்தைக் கூட்டிவிடும், ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். இன்னொன்று: குழலின் துளைகள் மறுபக்கம் திறக்காத, அடைத்த துளைகள். திருகு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் அடியில் முட்டி இறுகியதுபோல் காட்டும், ரெயில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திருகாகப் போட்டு ரெயில் அசைகிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் பின்னிழுக்கும் சுத்தியலான குதிரை வெளியே உள்ள மாடல் என்றால், ஸ்கோப்புக்கு அடியில் கட்டைவிரல் நுழையாது. பக்கவாட்டில் நீளும் குதிரை நீட்டிப்பு அவசியம். கைநழுவி விழும் குதிரை வேடிக்கையான விஷயமில்லை.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேண்டி ரைஃபிள் வகையில் குழலைப் பிடிக்கும் தாழ்ப்பாளும் அது உட்காரும் படியும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டால் சுடும்போது துப்பாக்கி தானாகத் திறந்துகொள்ளக்கூடும். எண்ணெய் கீல் ஆணிக்கு மட்டும். மூடிய பிறகும் குழல் ஆடினால், விசையின் எடையைக் குறைக்க ஆசைப்பட்டால், குழலை அறுக்க நினைத்தால், உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் போங்கள். குழலின் குறைந்தபட்ச நீளத்தில் சட்டமும் குறுக்கே வரும்.

மடங்கித் திறக்கும் துப்பாக்கிக்கு, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை முறுக்கி இளக்கும் போல்ட்டின் பலம் கிடையாது. குழலில் தோட்டா உட்காரும் சேம்பரில் கரியோ எண்ணெயோ இருந்தால், அல்லது காலிக் கூட்டில் மருந்தை அதிகமாக நிரப்பிய மறுநிரப்புத் தோட்டா போட்டால், கூடு ஒட்டிக்கொண்டு விரலுக்கு வராது. எண்ணெய் படிந்த சேம்பர் பூட்டின் மேல் விழும் அழுத்தத்தையும் கூட்டும். பழைய கூட்டை நிரப்பும்போது கழுத்தை மட்டும் அல்லாமல் முழு நீளத்தையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வாங்கும்போதே யோசிப்பவர்களுக்கு 7×57ஆர் போல விளிம்புள்ள தோட்டா சௌகரியம்; விளிம்பில்லாததைப் பிடிக்க, கூட்டை வெளியே இழுக்கும் இழுப்பானில் சின்ன ஸ்பிரிங் பிடி வேண்டும், அதில் தூசி சேர்ந்தால் வழுக்கும். கூட்டை வீசி எறியும் எஜெக்டரை, மெல்லத் தூக்கித் தரும் இழுப்பானாக மாற்ற முடிகிற மாடல்களில் மாற்றிவிடலாம். சத்தமும் இல்லை, புல்லில் தேடவும் வேண்டாம்.

மாற்று தோட்டாவுக்கு பின்கட்டையில் மூன்று தோட்டா மாட்டும் துணிப்பட்டை போதும். ஐந்துக்கு மேல் மாட்டினால் கன்னத்தில் இடிக்கும்.

ஜீரோவுக்கு ஐந்து குண்டுகளைத் தொடர்ந்து சுட்டு வட்டம் பார்ப்பதில் பயனில்லை. மெல்லிய குழல் மூன்றாவது குண்டிலேயே சூடேறி நகரத் தொடங்கும். நாளுக்கு ஒன்று, குழல் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ஒரே தாளில் ஐந்து நாள் சுடுங்கள். .308-க்கு 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே வைத்தால் 170 மீட்டரை ஒட்டிக் குண்டு குறிபார்த்த நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். முன்கட்டைத் திருகைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அந்தத் தாளில் இன்னொரு குண்டு சேர வேண்டும்.